கறுப்புத் திரையும் டென்னிஸ் ரிட்சியும்



ஆப்பரேட்டிங் சிஸ்டம் லேப் ஆரம்பிக்கும்போதுதான் நம்மில் பெரும்பாலானவங்க அந்தக் கறுப்புத் திரையை முதல்முதலா பார்க்குறோம். ஐகான் கிடையாது, மெனு கிடையாது, மவுஸை நகர்த்தினா ஒண்ணும் நடக்காது. ஒரு டாலர் குறி, பக்கத்துல மின்னி மின்னி மறையுற ஒரு கோடு. அவ்வளவுதான். முதல் எக்ஸர்சைஸே யூனிக்ஸ் கமாண்டுகள். ரெக்கார்டுல வரிசையா எழுதிடுறோம், வைவாவுக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் பண்ணிடுறோம், மறுநாள் சாயங்காலம் பாதி மறந்துடுது.

மறக்கத்தான் செய்யும். ஏன் அப்படி இருக்குன்னு தெரியாத எதுவும் மனசுல நிக்காது. காப்பி பண்ண ஏன் 'சிபி'ன்னு ரெண்டே எழுத்து? வேலை ஒழுங்கா முடிஞ்சா ஏன் அது ஒண்ணுமே சொல்லாம இருக்கு? ஒரு கமாண்டோட வாயில இன்னொரு கமாண்டை மாட்டிவிடுற அந்த நெட்டுக்கோடு எங்கிருந்து வந்தது? இந்த எல்லா கேள்விக்கும் ஒரு மனிதரோட வாழ்க்கையில பதில் இருக்கு. அவர் பெயர் டென்னிஸ் ரிட்சி. சி மொழியைக் கண்டுபிடிச்சவர்னு ரெண்டு மார்க் கேள்வியில அவரை நமக்குத் தெரியும். அந்த ரெண்டு மார்க்குக்கு வெளியே இருக்குற ரிட்சியைத்தான் இங்கே சொல்லப் போறேன்.

ஒரு சின்னக் குறிப்பு: கமாண்டுகளை லேப்ல நாம வாயால சொல்ற மாதிரியே தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன். நீங்க கீபோர்டுல அந்தந்த ஆங்கில எழுத்தைத் தட்டுங்க.

பட்டம் வாங்காத டாக்டர்

டென்னிஸ் ரிட்சி 1941 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிராங்க்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். அப்பா அலிஸ்டேர் ரிட்சி, பெல் லேப்ஸில் விஞ்ஞானி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கான ஸ்விட்சிங் சர்க்யூட் பற்றி ஒரு பாடப்புத்தகமே எழுதியவர்களில் ஒருவர். பையன் ஹார்வர்டில் இயற்பியல் படித்து 1963-இல் இளநிலைப் பட்டம் வாங்கினார். இயற்பியலாளர் ஆகுற அளவுக்குத் தனக்கு அறிவு போதாது, கம்ப்யூட்டர்தான் சுவாரசியமா இருக்குன்னு அங்கேயே அவருக்குத் தோணிடுச்சு. பிற்காலத்தில் தன்னைப் பற்றி எழுதும்போது இதை அவரே வெளிப்படையா எழுதி வெச்சிருக்கார்.

அப்புறம் அதே ஹார்வர்டில் பயன்பாட்டுக் கணிதத்தில் ஆராய்ச்சி. 1968-இல் ஆய்வேடு முழுசா தயார். ஆனா பைண்டிங் செய்த பிரதி ஒன்றை நூலகத்தில் ஒப்படைக்கணும்னு ஒரு விதி. அதை அவர் கடைசி வரைக்கும் செய்யவே இல்லை. அதனால டாக்டர் பட்டம் அதிகாரபூர்வமா அவருக்குக் கிடைக்கவே இல்லை. அவர் ஏற்கெனவே 1967-லேயே அப்பா வேலை பார்த்த பெல் லேப்ஸில், நியூஜெர்சி முர்ரே ஹில்லில் சேர்ந்துட்டார்.

இதைப் படிச்சிட்டு உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங் பண்ணாம விட்டுடாதீங்க. அவர் கையில வேலை இருந்துச்சு!

கைவிடப்பட்ட ப்ராஜெக்ட், மூலையில் கிடந்த மெஷின்

அந்தக் காலத்தில் பெல் லேப்ஸ், எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக் மூணு பேரும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பெரிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கட்டிட்டு இருந்தாங்க. ஒரே கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் பல பேர் உட்கார்ந்து வேலை பார்க்கணும் என்பது கனவு. கனவு பெருசு, செலவும் பெருசு, வேலை முடிஞ்சபாடில்லை. 1969-இல் பெல் லேப்ஸ் அதிலிருந்து விலகிடுச்சு.

அதுல வேலை பார்த்த ரிட்சிக்கும் கென் தாம்ப்ஸனுக்கும் மத்த நண்பர்களுக்கும் அது பெரிய இழப்பு. பல பேர் ஒண்ணா உட்கார்ந்து, ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் எடுத்துப் பயன்படுத்தி, பேசிப் பழகி வேலை செய்யுற சூழல் மல்டிக்ஸ்ல கொஞ்சம் ருசி காட்டிட்டுப் போயிடுச்சு. அதை இழக்க அவங்களுக்கு மனசில்லை. புது மெஷின் வாங்கித் தாங்கன்னு மேலிடத்துல கேட்டாங்க. திரும்பத் திரும்ப மறுத்துட்டாங்க.

இந்த நேரத்துல தாம்ப்ஸன் ஒரு விளையாட்டு எழுதி வெச்சிருந்தார். சூரிய மண்டலத்தில் விண்கலம் ஓட்டுற விளையாட்டு. பெரிய மெஷின்ல ஒரு தடவை ஆடினா சுமார் 75 டாலர் கணக்குல ஏறும். கட்டுப்படியாகாது. யாரும் அதிகம் தொடாத பிடிபி-7 என்ற சின்ன மெஷின் ஒண்ணு கிடைச்சது. ரிட்சியும் தாம்ப்ஸனும் அந்த விளையாட்டை அதுக்கு மாத்தி எழுதினாங்க. அந்த வேலையில் மெஷின் பழக்கமாச்சு. அதே மெஷின்மேல 1969-இல் தாம்ப்ஸன் ஒரு சின்ன ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுத ஆரம்பிச்சார். ஃபைல்களை எப்படி அடுக்குறதுன்னு அவரும் ரிட்சியும் இன்னும் சிலரும் கரும்பலகையில் வரைஞ்சு வெச்சது அப்போ உயிர் பெற்றது. மல்டிக்ஸ் என்ற பெயரைக் கிண்டல் பண்ற மாதிரி யூனிக்ஸ்னு பெயர் வந்தது.

நம்ம பக்கத்துல பழைய லேப்டாப்பை வெச்சுக்கிட்டு இதுல என்ன பண்ண முடியும்னு அலுத்துக்குறவங்க நிறைய. யூனிக்ஸ் பிறந்தது மூலையில் கிடந்த மெஷின்ல. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ரெண்டு எழுத்து ஏன்?

அந்த மெஷினோட பேச இப்போ இருக்குற மாதிரி திரை கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சுக் கருவி. நீங்க தட்டுறதும் காகிதத்தில் அச்சாகும், கம்ப்யூட்டர் சொல்ற பதிலும் அதே காகிதத்தில் அச்சாகும். அன்னைக்குப் பரவலா இருந்த மாடல் 33 டெலிடைப்போட வேகம் வினாடிக்கு 10 எழுத்து. பட்டன்களை அழுத்திக் குத்தணும், விரல் வலிக்கும்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. ஒரு நாளைக்கு நூறு தடவை ஃபைல் பட்டியல் பார்க்கணும்னா நீங்க நீளமான வார்த்தையா வைப்பீங்க? லிஸ்ட் என்பது 'எல்எஸ்' ஆச்சு. காப்பி 'சிபி' ஆச்சு. மூவ் 'எம்வி', ரிமூவ் 'ஆர்எம்'. இது நம்மளைக் குழப்ப வெச்ச ரகசியக் குறியீடு இல்லை. விரல் வலியை மிச்சப்படுத்த வெச்ச செல்லப் பெயர். முழு வார்த்தையைத் தெரிஞ்சுக்கிட்டா மனப்பாடமே தேவையில்லை.

மௌனமும் இதே மாதிரிதான். 'சிபி' கொடுத்து என்டர் தட்டினா காப்பி முடிஞ்சதுன்னு ஒரு வார்த்தை வராது. மறுபடி டாலர் குறி வந்து நிக்கும். மெதுவா அச்சடிக்குற கருவியில் தேவையில்லாத பேச்சு நேரத்தைத் தின்னும். பிழை இருந்தா மட்டும் பேசும். பதில் வரலேன்னா பதறாதீங்க, வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. இந்த மௌனம் 'ஆர்எம்'முக்கும் பொருந்தும். அது அழிக்குற ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, போனது போனதுதான். ஆரம்பத்துல 'ஆர்எம் -ஐ'ன்னு கொடுத்துப் பழகுங்க. ஒவ்வொரு ஃபைலுக்கும் அழிக்கவான்னு கேட்டுட்டுத்தான் அழிக்கும்.

காணாமல் போன 'சிடி'

ஃபைல்கள் இருக்குற அமைப்பு ஒரு மரம் மாதிரி. மேலே வேர், அதுக்கு சாய்கோடு '/' ஒண்ணுதான் பெயர். அங்கிருந்து கிளை கிளையா இறங்கணும். தபால் முகவரியைத் தலைகீழா எழுதினா எப்படியோ அப்படி: /தமிழ்நாடு/விருதுநகர்/ராஜபாளையம்/சோழபுரம். வேரிலிருந்து தொடங்கி எழுதினா அது முழு முகவரி. நீங்க ஏற்கெனவே ராஜபாளையத்துக்குள்ள நிக்குறீங்கன்னா வெறும் சோழபுரம்னு சொன்னா போதும். எங்கே நிக்குறோம்னு தெரிய 'பிடபிள்யூடி'. உள்ளே போக 'சிடி சோழபுரம்'. ஒரு படி மேலே ஏற 'சிடி ..', அதாவது ரெண்டு புள்ளி.

இந்த 'சிடி'க்குப் பின்னால ஒரு கதை இருக்கு. யூனிக்ஸோட ஆரம்ப வரலாற்றை எழுதினப்போ ரிட்சியே சொன்னது. முதல்ல சிஸ்டத்துல ஒரு டெர்மினலுக்கு ஒரு புராசஸ்தான். பிறகு ஃபோர்க் வந்தது. நீங்க ஒரு கமாண்ட் கொடுத்தா, ஷெல் தன்னைப் போலவே ஒரு பிள்ளைப் புராசஸை உண்டாக்கும். பிள்ளை வேலையை முடிச்சிட்டு செத்துப் போகும். தாய் ஷெல் அடுத்த கமாண்டுக்குக் காத்திருக்கும். ஓ.எஸ். பாடத்துல நாம படிக்குற அதே ஃபோர்க்தான்.

எல்லாம் நல்லா ஓடுச்சு. திடீர்னு டைரக்டரி மாத்துற கமாண்ட் மட்டும் வேலை செய்யலை. கோடை வரி வரியா படிச்சாங்க, எங்கே உடைஞ்சுதுன்னு மண்டையைப் போட்டுக் குடைஞ்சாங்க. கடைசியில் பார்த்தா எதுவுமே உடையலை. அந்தக் கமாண்டும் மத்ததைப் போல ஒரு பிள்ளைப் புராசஸாதான் ஓடுச்சு. பிள்ளை ஒழுங்கா வேற டைரக்டரிக்குப் போச்சு, உடனே செத்தும் போச்சு. தாய் ஷெல் இருந்த இடத்துலேயே நின்னுச்சு! அதனால டைரக்டரி மாத்துற வேலையை ஷெல்லே தன் கையால செய்யணும்னு முடிவு பண்ணாங்க.

இன்னைக்கும் 'டைப் சிடி'ன்னு கொடுத்துப் பாருங்க, அது ஷெல்லுக்குள்ளேயே கட்டப்பட்டதுன்னு பதில் வரும். ஸ்கிரிப்டுக்குள்ள 'சிடி' போட்டா ஸ்கிரிப்ட் முடிஞ்சதும் நீங்க ஏன் பழைய இடத்துலேயே நிக்குறீங்க என்ற கேள்விக்கும் இதுதான் பதில். ரிட்சி மாதிரி ஆளுங்களே தடுமாறின இடம் இது. நமக்கு முதல் நாளே புரியலைன்னா வருத்தப்பட ஒண்ணுமில்லை.

மூணு டைப்பிஸ்ட்டுகள்

1970-இல் புது பிடிபி-11 மெஷின் வாங்க சுமார் 65,000 டாலர் கேட்டாங்க. ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதப் போறோம்னு சொன்னா கிடைக்காது. ஆவணங்களைத் தட்டச்சு செஞ்சு அழகா வடிவமைக்குற சிஸ்டம் செய்யுறோம்னு சொல்லி வாங்கினாங்க. பெல் லேப்ஸோட காப்புரிமைப் பிரிவுக்கு அது தேவைப்பட்டுச்சு.

1971-இன் பிற்பாதியில் அந்தப் பிரிவோட மூணு டைப்பிஸ்ட்டுகள் தினமும் யூனிக்ஸ்ல உட்கார்ந்து காப்புரிமை விண்ணப்பங்களை அடிச்சாங்க, திருத்தினாங்க. அந்த மெஷினோட நினைவகம் 24 கிலோபைட். அதுல 16 சிஸ்டத்துக்கு, 8 பயனாளருக்கு. டிஸ்க் அரை மெகாபைட். உங்க போன்ல எடுக்குற ஒரு போட்டோ அந்த டிஸ்க்கில் அடங்காது. அதே மெஷின்லதான் ரிட்சியும் தாம்ப்ஸனும் புது புரோகிராம்களைச் சோதிச்சாங்க. ஒரு புரோகிராம் இன்னொண்ணோட நினைவகத்துக்குள்ள நுழையாம தடுக்குற பாதுகாப்பு கிடையாது. ஒரு சின்னப் பிசகு போதும், டைப்பிஸ்ட்டுகளோட வேலையும் சேர்ந்து விழுந்துடும். அவ்வளவு ஜாக்கிரதையோடும் துணிச்சலோடும் வேலை பார்த்தாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, கமாண்ட் லைன் என்பது கம்ப்யூட்டர் மேதைகளுக்கு மட்டும்னு நமக்குள்ள ஒரு எண்ணம் இருக்கு. ஆராய்ச்சிக் குழுவுக்கு வெளியே அதை முதல்ல தினசரி வேலைக்குப் பயன்படுத்தினவங்க டைப்பிஸ்ட்டுகள். அவங்க சி புரோகிராமர்கள் இல்லை. சி மொழியே அப்போ முழுசா பிறக்கலை.

1971 நவம்பர் 3 தேதியிட்டு யூனிக்ஸோட முதல் கையேடு வந்தது. தாம்ப்ஸனும் ரிட்சியும் தயாரிச்சது. ஒவ்வொரு கமாண்டுக்கும் பெயர், எப்படிக் கொடுப்பது, என்ன செய்யும், அதோட பிழைகள்னு ஒரு பகுதி. தான் செஞ்ச கமாண்டுல என்ன குறை இருக்குன்னு செஞ்சவங்களே எழுதி வெச்சாங்க. நீங்க இன்னைக்கு 'மேன் எல்எஸ்'னு தட்டினா வர்ற பக்கம் அதே அமைப்போட வாரிசுதான். முழுசா படிக்க வேண்டாம். சாய்கோடு போட்டு வேண்டிய வார்த்தையைத் தேடுங்க, 'கியூ' தட்டி வெளியே வாங்க. இன்டர்நெட் இல்லாத லேப்ல இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

நூல் மில்லும் பைப்பும்

ராஜபாளையம் பக்கத்து ஆளுங்களுக்கு நூல் மில்லைப் பத்தி நான் சொல்லித் தரத் தேவையில்லை. நம்ம வீட்டுல, இல்ல பக்கத்து வீட்டுலயாவது ஒருத்தர் ஷிஃப்ட்டுக்குப் போயிட்டு வருவாங்க. பஞ்சு பேல் முதல்ல ப்ளோ ரூமுக்குப் போகும், தூசி நீங்கும். அங்கிருந்து கார்டிங். பிறகு டிரா ஃபிரேம், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங், கடைசியில் கோன் வைண்டிங். ஒவ்வொரு மெஷினும் ஒரே ஒரு வேலையைத்தான் செய்யும். ஒண்ணு வெளியே விடுறதை அடுத்தது உள்ளே வாங்கும்.

யூனிக்ஸ் பைப் என்பது இதுதான். பெல் லேப்ஸில் ரிட்சியோட துறைத் தலைவரா இருந்த டக் மெக்கில்ராய், தோட்டத்து ஹோஸை ஒண்ணோடு ஒண்ணு மாட்டுற மாதிரி புரோகிராம்களை மாட்டணும்னு 1964-லேயே எழுதி வெச்சிருந்தார். யூனிக்ஸ் வந்த பிறகும் விடாம கேட்டுட்டே இருந்தார். 1972-இல் தாம்ப்ஸன் அதைச் செஞ்சு முடிச்சார். அந்த நெட்டுக்கோடு கொஞ்சம் பிறகு வந்தது.

நீங்களே செஞ்சு பாருங்க. பஸ்ஸ்டாண்டு நேர அட்டவணையை ஒரு ஃபைல்ல வரிக்கு ஒரு பஸ்ஸா, முதல்ல நேரம், அப்புறம் ஊர்னு தட்டி வெச்சுக்கோங்க. நேரத்தை 24 மணிக் கணக்குல எழுதுங்க. ஃபைலுக்கு 'பஸ்'னு பெயர். இப்போ:

கிரெப் சோழபுரம் பஸ்

சோழபுரம்னு இருக்குற வரிகள் மட்டும் வரும். அதை நேர வரிசையில் அடுக்க:

கிரெப் சோழபுரம் பஸ் | சார்ட்

எத்தனை பஸ்னு எண்ண:

கிரெப் சோழபுரம் பஸ் | டபிள்யூசி -எல்

முடிவை இன்னொரு ஃபைல்ல சேமிக்க:

கிரெப் சோழபுரம் பஸ் | சார்ட் > நம்மபஸ்

'கிரெப்' தேட மட்டும் தெரிஞ்சது. 'சார்ட்' அடுக்க மட்டும். 'டபிள்யூசி' எண்ண மட்டும். மூணையும் எழுதினவங்களுக்கு சோழபுரம்னு ஒரு ஊர் இருக்குறதே தெரியாது. ஆனா உங்க வேலை முடிஞ்சுது. ஒரே ஒரு கவனம்: '>' போட்டா அந்தப் பெயர்ல ஏற்கெனவே இருந்த ஃபைலோட உள்ளடக்கம் அழிஞ்சு புதுசு வரும். பழசோட சேர்க்கணும்னா '>>'.

சி மொழி எதுக்குப் பிறந்தது?

இப்போ ரிட்சியோட பெரிய பங்குக்கு வர்றேன். ஆரம்பத்துல யூனிக்ஸ் முழுக்க அசெம்பிளியில் இருந்துச்சு. மெஷின் மாறினா எல்லாத்தையும் மறுபடி எழுதணும். தாம்ப்ஸன் பிசிபிஎல் என்ற மொழியைச் சுருக்கி பி-ன்னு ஒரு மொழி செஞ்சு வெச்சிருந்தார். ஆனா பி-யில் டேட்டா டைப் கிடையாது. பிடிபி-11-இல் எழுத்துகளைத் தனித்தனி பைட்டா கையாள அது சரிப்படலை. ரிட்சி அதுக்கு டைப்புகளைச் சேர்த்தார், பிறகு ஸ்ட்ரக்சரைச் சேர்த்தார், கம்பைலரையும் எழுதினார். 1972-இல் அது சி ஆச்சு. 1973-இல் யூனிக்ஸ் கெர்னலையே சி-யில் மாத்தி எழுதினாங்க.

நாம சி படிக்கும்போது பாயிண்டரும் ஸ்ட்ரக்சரும் நம்மைச் சோதிக்க வந்த சிலபஸ்னு நினைக்குறோம். அந்த ஒவ்வொண்ணும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதும்போது தேவைப்பட்ட கருவி. 1978-இல் பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து ரிட்சி எழுதிய சி புத்தகம் ரொம்பச் சின்னது. அதை ஒரு தடவையாவது லைப்ரரியில் எடுத்துப் பாருங்க.

1974 ஜூலையில் ரிட்சியும் தாம்ப்ஸனும் யூனிக்ஸ் பற்றி எழுதிய கட்டுரை வெளியானது. 40,000 டாலர் மெஷினிலேயே இது ஓடும்னு அதுல சொன்னாங்க. அன்றைய கணக்குல அது மலிவு. டெலிபோன் கம்பெனியான ஏடி அண்ட் டி வேற வியாபாரத்தில் இறங்கக்கூடாதுன்னு 1956-லேயே நீதிமன்ற ஒப்பந்தம் இருந்துச்சு. அதனால யூனிக்ஸை மூலக் குறியீட்டோடு பல்கலைக்கழகங்களுக்குக் குறைஞ்ச விலையில் கொடுத்தாங்க. மாணவர்கள் பிரிச்சுப் படிச்சாங்க, மாத்தினாங்க, வளர்த்தாங்க. அந்த மரபுலதான் 1983-இல் குனு திட்டமும் 1991-இல் லினக்ஸும் வந்தது. லினக்ஸில் ரிட்சியோட கோடு இல்லை. ஆனா அவர் போட்ட பாதை இருக்கு. உங்க ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில ஓடுறது அதே லினக்ஸ் கெர்னல்.

'எல்எஸ் -எல்' கொடுத்தா முன்னாடி ஆர், டபிள்யூ, எக்ஸ்னு வருமே, அந்த அனுமதி அமைப்பிலும் ரிட்சி கை இருக்கு. பாஸ்வேர்டு ஃபைலில் எழுத ரூட்டுக்கு மட்டும்தான் உரிமை. பிறகு உங்க பாஸ்வேர்டை நீங்களே மாத்த முடியுறது எப்படி? புரோகிராமின் சொந்தக்காரரோட உரிமையை ஓடுற நேரத்துக்கு மட்டும் இரவல் தர்ற செட்-யூஐடி என்ற யோசனை அவருடையது. 1973-இல் விண்ணப்பிச்சு, 1979-இல் காப்புரிமை கிடைச்சது.

சோழபுரம் எத்தனை பைட்?

ரிட்சியும் தாம்ப்ஸனும் 1983-இல் டூரிங் விருது வாங்கினாங்க. அப்புறமும் பெல் லேப்ஸை விட்டுப் போகலை. யூனிக்ஸுக்கு அடுத்ததா பிளான் 9 என்ற சிஸ்டத்தை அவங்க குழு கட்டிச்சு. அதுக்காக 1992-இல் தாம்ப்ஸனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8 முறையை வடிவமைச்சாங்க. உலகத்து மொழி எல்லாத்தையும் பழைய ஆங்கில ஃபைல்களைக் கெடுக்காம எழுத வழி செஞ்சது அது. மேலே நாம 'கிரெப்'புக்குத் தமிழ்ல ஊர்ப் பெயர் கொடுத்தோமே, அது ஓடுறது இதனாலதான்.

இதைத் தட்டிப் பாருங்க:

எக்கோ சோழபுரம் | டபிள்யூசி -சி

25-ன்னு வரும். நமக்கு சோ, ழ, பு, ர, ம் அஞ்சு எழுத்து. யூனிகோடுல சகரம் தனி, ஓகாரக் குறி தனி, புள்ளி தனி. மொத்தம் 8 குறிகள். தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். 8 பெருக்கல் 3, 24. கடைசியில் 'எக்கோ' போடுற புது வரிக்கு 1. அந்த 25-ஐ நீங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சா, எழுத்து, குறி, பைட் மூணுக்கும் உள்ள வித்தியாசம் இனிமே மறக்காது.

2011

ரிட்சி 2007-இல் ஓய்வு பெற்றார். கூச்ச சுபாவம், கல்யாணம் பண்ணிக்கலை, மெதுவான பேச்சு, நுணுக்கமான நகைச்சுவை. லாகின் பெயரான டிஎம்ஆர் என்ற மூணு எழுத்தாலேயே பல பேர் அவரை அழைச்சாங்க. 2011-இல் தாம்ப்ஸனோடு ஜப்பான் பரிசும் கிடைச்சது.

அதே 2011 அக்டோபர் 5 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்தார். உலகமே அழுதது. ஒரு வாரம் கழிச்சு, அக்டோபர் 12 அன்று, தனியா வசிச்ச ரிட்சி நியூஜெர்சி வீட்டில் இறந்து கிடந்தது தெரிய வந்தது. வயசு 70. அவரோட பழைய நண்பர்கள் சொல்லித்தான் வெளியே தெரிஞ்சது. பெரிய ஆரவாரம் எதுவும் இல்லை. ஜாப்ஸோட மேக், ஐபோன் ரெண்டுக்கும் அடியில் இருக்குறதும் யூனிக்ஸ் வழிவந்த சிஸ்டம்தான்.

அந்த வருஷம் செப்டம்பர்லதான் தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் திட்டம் தொடங்குச்சு. அந்த லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. சி-டாக் நிறுவனம் செஞ்ச இந்திய லினக்ஸ். ரிட்சி இறந்த அதே மாதங்கள்ல அவர் போட்ட பாதை தமிழ்நாட்டு கிராமத்து வீடுகளுக்குள்ள வந்து சேர்ந்திருக்கு. ஆன் பண்ணும்போது ரெண்டு பெயர் வரும். கீழே இருக்குறதைத் தொடாம விண்டோஸை அமுக்கினவங்கதான் அதிகம். அது என்னன்னு சொல்லித் தர பக்கத்துல ஆள் இல்லை.

நண்பர்களே, இந்தக் கட்டுரையை எழுதினதுக்குக் காரணமே இந்த இடைவெளிதான். கருவி நம்ம வீட்டுக்கே வந்துடுது. பயம்தான் அதைத் தொட விடுறதில்லை. பெரிய நகரத்துல படிச்சவங்களுக்கும் நமக்கும் நடுவுல பெரிய சுவர் இருக்குன்னு நினைக்குறோம். டெர்மினல்ல அந்தச் சுவர் ரொம்பக் குட்டை. விலை உயர்ந்த லேப்டாப் வேண்டாம், பழசே போதும். தூரத்துல இருக்குற சர்வரோட எஸ்எஸ்ஹெச்ல பேச வெறும் எழுத்துதான் போய் வரும். டவர் ஒரு புள்ளி காட்டுற இடத்துலயும் ஓடும். லேப்டாப்பே இல்லையா? போன்ல டெர்மக்ஸ் என்ற ஆப்பை இலவசமா போட்டுக்கலாம். விண்டோஸ் வெச்சிருந்தா டபிள்யூஎஸ்எல் இருக்கு. ஆங்கிலத்துல படிக்கச் சிரமமா இருந்தா கணியம் இதழ் வெளியிட்ட தமிழ் லினக்ஸ் மின்னூல்கள் இலவசமா கிடைக்குது.

ஒரு வாரம் மட்டும் இப்படிச் செய்யுங்க. முதல் நாள் 'பிடபிள்யூடி', 'எல்எஸ்', 'சிடி' மூணோட உங்க மெஷினைச் சுத்திப் பாருங்க. ரெண்டாவது நாள் ஃபோல்டர் திறக்குறதையும் ஃபைல் காப்பி பண்றதையும் மவுஸ் தொடாம செய்யுங்க. மூணாவது நாள் 'மேன்' பக்கம் ஒண்ணு படிங்க. நாலாவது நாள் பஸ் ஃபைல். அஞ்சாவது நாள் உங்க கிளாஸ் மார்க் பட்டியலை 'சார்ட்' பண்ணுங்க. ஆறாவது நாள் அன்னைக்குக் கொடுத்த கமாண்டுகளை 'ஹிஸ்டரி'யில் பாருங்க. மனப்பாடம் பண்ணாமலே எத்தனை கைக்கு வந்திருக்குன்னு தெரியும்.

ஏழாவது நாள், உங்களுக்குத் தெரிஞ்சதை ஜூனியர் ஒருத்தருக்குச் சொல்லிக் கொடுங்க. ரிட்சியும் அவர் நண்பர்களும் யூனிக்ஸ் கட்டினதே பல பேர் ஒண்ணா உட்கார்ந்து வேலை பார்க்கணும்னுதான்.